மாஸ்க் கட்டாயம் என்றால் எங்கே, எவ்வளவு நாள், எந்த மாஸ்க்?

2019 ஏப்ரல் 29ஆந் திகதியிலிருந்து, ஆளை அடையாளம் காண முடியாதபடி முகத்தை மூடிக்கொண்டு பொது இடத்தில் நிற்பது இலங்கையில் குற்றமானது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து எட்டு நாள், சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்த வீட்டில் குண்டு வெடித்ததற்கு மூன்று நாள். அவசரகாலச் சட்டத்தின் கீழ் வந்த அந்தத் தடை, ஓகஸ்ட்டில் அவசரகாலம் முடிந்ததோடு போனது. அடுத்த வருஷம் ஒக்டோபர் நடுப்பகுதியில் கொரோனாவுக்காக வந்த வர்த்தமானிப்படி, அதே வீதியில் முகத்தை மூடாமல் நிற்பது குற்றமானது. தண்டம் 10,000 ரூபாய் வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 மார்ச்சில், எல்லாரும் மாஸ்க்கோடு திரிந்த நாளில், புர்காவைத் தடை செய்யப்போவதாக ஓர் அமைச்சர் அறிவித்தார்.

காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ நிகாப் அணியும் ஒரு பெண்ணிடம் போய், "முகத்தை மூடுவதும் திறப்பதும் உங்கட விருப்பம் இல்லை, சுகாதாரம் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. அதற்காக மாஸ்க் விதி எல்லாமே வெறும் அதிகாரம் என்று முடிவு கட்டுவதும் பிழை. எங்கே கட்டாயம் நியாயம், எங்கே அது வீண் கெடுபிடி என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பிரிப்பதற்குச் சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும்.

மாஸ்க் செய்யும் வேலை இரண்டு. என் மூக்கிலும் வாயிலும் இருந்து வெளியேறுவதை மறிப்பது ஒன்று, வெளியில் இருப்பது எனக்குள் வராமல் மறிப்பது மற்றது. பாமசியில் பெட்டியாக விற்கும் நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க் முதலாவதை நன்றாகச் செய்யும். இரண்டாவதை அரைகுறையாகத்தான் செய்யும், ஏனென்றால் கன்னத்தின் இரண்டு பக்கமும் காற்று களவாக நுழையும். முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் என்95 இரண்டையும் செய்யும். ஹெல்மெட் போடாவிட்டால் உடைவது என் மண்டை. இரவில் லைட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடினால் எதிரே வருகிறவனுக்கும் ஆபத்து. மாஸ்க் இந்த லைட் கணக்கில் சேர்ந்தது. "என் உடம்பு, என் விருப்பம்" என்ற வாதம் ஹெல்மெட்டுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு மாஸ்க்குக்குப் பொருந்தாது.

ஆனால் லைட் தேவைப்படுவது இருட்டில்தான். கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் காற்று வாங்குகிறவருக்கு மாஸ்க் கட்டாயம் என்பது பகலில் லைட் போடாததற்குத் தண்டம் எழுதுவது. திறந்த வெளியில் மூச்சோடு வரும் நுண்துளிகள் கணத்தில் கலைந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் சந்தைத் தெருவில் நிற்கிறவரின் மூச்சு அடுத்தவர் மூக்குக்குப் போகும் முன் எங்கேயோ போய்விடும். 2020இலும் 2021இலும் தெருவில், வயலோரத்தில், தனியாக சைக்கிளில் போனவர்களை மறித்ததெல்லாம் நோய்த் தடுப்பு இல்லை. மறிப்பதற்கு இலேசான இடம் என்பதால் மறித்தார்கள்.

மூடிய இடம் வேறு. மாரி தொடங்கினால் கல்முனை பஸ்ஸில் ஷட்டர் எல்லாம் இறங்கிவிடும். சாரல் அடிக்கிறது என்று முன் கதவையும் சாத்தினால், ஐம்பது பேர் விட்ட மூச்சைத்தான் ஐம்பது பேரும் திரும்ப இழுக்கிறார்கள். கொழும்புக்கு இரவில் போகும் ஏசி பஸ் இதைவிட மோசம். குளிர் வருகிறது என்பதற்காகப் புதுக் காற்று வருகிறது என்று நினைக்கக்கூடாது. பெரும்பாலான ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கும். ஏழெட்டு மணித்தியாலம் அதற்குள் இருப்பது, சந்தையில் பத்து நிமிஷம் முட்டி மோதுவதைவிடப் பல மடங்கு ஆபத்து. உதயதேவி ரயிலில் யன்னலோரம் இருந்து போகிறவருக்கு அந்தப் பயம் குறைவு.

காற்றை அளக்க வழி உண்டு. காபனீரொட்சைட்டு அளக்கும் சின்ன மீற்றர் ஒன்றை அறையில் வையுங்கள். வெளிக்காற்றில் அது கிட்டத்தட்ட 420 பிபிஎம் (பத்து இலட்சத்தில் அத்தனை பங்கு) காட்டும். ஆட்கள் உள்ள அறையில் 800க்குள் நின்றால் காற்றோட்டம் பரவாயில்லை. 1000ஐத் தாண்டினால் யன்னலைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டும், இரண்டும் முடியாதென்றால் மாஸ்க் போட வேண்டும். வகுப்பறைக்கும் ரியூஷன் கொட்டிலுக்கும் கிளினிக் காத்திருப்பறைக்கும் இந்த ஒரு மீற்றர், வாசலில் வைக்கும் சனிடைசர் போத்தலைவிடப் பெறுமதியான சாமான். நோய் காற்றில் மிதந்து பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் பொது விளக்கத்தில் வெளிப்படையாக எழுதியது 2021 ஏப்ரல் கடைசியில்தான். அதற்குள் நாம் ஒரு வருஷமாக ஒரு மீற்றர் வட்டம் கீறி, மேசை துடைத்து, காசு நோட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

ஆக, கட்டாயம் கேட்க வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். காற்று அடைபட்ட இடமா? அங்கே இருப்பவரால் எழும்பிப் போக முடியுமா? அவருக்கு நோய் தொற்றினால் தாங்குவாரா? மூன்றாவது கேள்விதான் கனம் கூடியது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை நாலு மணித்தியாலம் டயலிசிஸ் கட்டிலில் கிடக்கிறவருக்கு எழும்பிப் போக வழி இல்லை. கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் ஆளின் வெள்ளை அணுக்கள் தரைமட்டத்தில் இருக்கும். அவர்கள் பக்கத்தில் தடிமனோடு நின்று "எனக்கு மாஸ்க் பிடிக்காது" என்று சொல்லும் உரிமை பார்வையாளருக்கும் இல்லை, தாதிக்கும் இல்லை, வைத்தியருக்கும் இல்லை. கொரோனா எங்கே போனாலும் இந்த இடங்களில் கட்டாயம் இருக்க வேண்டும். இன்புளுவென்சாவுக்கும் இதே கணக்குத்தான்.

வைத்தியருக்கும் இல்லை என்று அழுத்திச் சொல்வதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1910, 11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த வைத்தியர் வூ லியென்-தே, பஞ்சும் வலைத்துணியும் வைத்துத் தைத்த மாஸ்க்கை எல்லாரும் கட்ட வேண்டும் என்றார். நோய் எலியால் பரவுகிறது, காற்றால் இல்லை என்று நம்பிய பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி, மாஸ்க் கட்டாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே பிளேக்கில் செத்தார். (வாயைத் துணியால் கட்டுவது நம் பக்கத்துக்கும் புதிதில்லை. மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாய்கட்டித்தான் பூசை செய்வார். அது பக்தி, வடிகட்டலுக்கு அந்தத் துணி உதவாது.)

இனி ஆதாரம். "மாஸ்க்கால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று கொக்ரேன் சொல்லிவிட்டது" என்பவர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் அமைப்பு அது. 2023 ஜனவரியில் வந்த அதன் தொகுப்பாய்வு, மக்களிடம் மாஸ்க்கை ஊக்குவித்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது உண்மை. அதை "மாஸ்க் வேலை செய்யாது" என்று வாசிப்பது பிழை என்று கொக்ரேனின் பிரதம ஆசிரியரே மார்ச்சில் அறிக்கை விட்டதும் உண்மை. ஆட்கள் ஒழுங்காகப் போடாத மாஸ்க்கையும் சேர்த்துத்தான் இந்த ஆய்வுகள் அளக்கின்றன. டென்மார்க்கில் 6,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மாஸ்க் போடச் சொன்ன பக்கம் 1.8 வீதம் பேருக்கும் மற்றப் பக்கம் 2.1 வீதம் பேருக்கும் தொற்று வந்தது. புள்ளிவிபரக் கணக்கில் அது வித்தியாசம் என்று எடுக்க முடியாத அளவு. அங்கே அளந்தது போட்டவரின் பாதுகாப்பை மட்டும்.

நமக்குக் கிட்டவாக உள்ளது பங்களாதேஷ் ஆய்வு. 600 கிராமங்கள், மூன்று இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வளர்ந்தவர்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள், ஏன் எதற்கு என்று காட்டினார்கள், சந்தையிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஆள் நிறுத்தி, போடாமல் வருகிறவரிடம் மரியாதையாகக் கேட்டு, இல்லாதவருக்குக் கையில் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை இமாம்களும் பேசினார்கள். ஒழுங்காக மாஸ்க் போட்டோர் 13 வீதத்திலிருந்து 42 வீதமானார்கள். சேர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு இரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று 11 வீதம் குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 35 வீதம். துணி மாஸ்க் கிராமங்களில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதும், கிராமத்துக்குப் பரிசு தருவதாகச் சொன்னதும் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு வழக்கும் போடாமல், ஒரு சதம் தண்டம் வாங்காமல் இது நடந்தது.

இதைவிட்டு நம் பக்கம் என்ன நடந்தது? 2021 ஜூனில் ஏறாவூரில், முடக்க விதியை மீறினார்கள் என்று சிலரை இராணுவத்தினர் நடுவீதியில் கையைத் தூக்கி முழங்காலில் நிற்க வைத்தார்கள். படம் உலகம் சுற்றியது. இராணுவம் விசாரணை வைத்து, பொறுப்பான அதிகாரியை அங்கிருந்து எடுத்தது. முப்பது வருஷம் சோதனைச் சாவடியில் இறங்கி நடந்த சனத்துக்கு, துவக்கோடு நிற்கிறவர் சொல்லும் சுகாதார அறிவுரை சுகாதார அறிவுரையாகக் கேட்காது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சொன்னால் கேட்கும். குடும்ப நல மாது சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அவர் பிள்ளைக்குத் தடுப்பூசிக் கார்டு எழுதுகிறவர்.

அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது ஜனாசா விவகாரம், அதாவது அடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம்களின் உடல்களின் கதை. கொரோனாவில் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே எழுதிவைத்தும், இங்கே எரிப்பது கட்டாயமானது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது மாறியது. பிறகு நாடு முழுவதிலிருந்தும் உடல்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன, மூவாயிரத்துக்கும் மேல். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. "பொதுச் சுகாதாரம்" என்று சொல்லி ஆதாரமில்லாத ஒன்றைத் திணித்தால், ஆதாரமுள்ள மற்றதையும் சனம் நம்பாது. மாஸ்க்குக்கு எதிராக இந்தக் கரையில் வந்த முணுமுணுப்பில் பாதி, மாஸ்க்கைப் பற்றியதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. அடிப்படை 1897ஆம் ஆண்டின் தொற்றுக்காப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பிளேக் காலத்துச் சட்டம். அதன் கீழ் அமைச்சர் ஒழுங்குவிதி ஆக்கலாம். அரசியலமைப்பின் 15(7)ஆம் உறுப்புரை, நடமாடும் உரிமை உள்ளிட்ட உரிமைகளைப் பொதுச் சுகாதாரத்துக்காக மட்டுப்படுத்த இடம் தருகிறது. ஆகவே "விருப்பம்" என்பது மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் அதே உறுப்புரை, மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வர்த்தமானியில் இல்லாததை ஓர் அதிகாரி வாயால் கட்டளையிட முடியாது. தண்டம் விதிப்பது நீதவான். தெருவில் மறிக்கிறவர் கையில் காசு வாங்குவதற்கு இந்த விதியில் இடமில்லை. முழங்காலில் நிற்பது எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. பொது இடத்துக்கான மாஸ்க் கட்டாயம் 2022இல் எடுபட்டது. இன்று வைத்தியசாலையில் கேட்பது அந்த இடத்தின் தொற்றுத் தடுப்பு நடைமுறை.

சரி, போடுவதென்று முடிவானால் எதைப் போடுவது? விதி எழுதுகிறவர்கள் ஒருநாளும் எழுதாத பகுதி இதுதான். 2020இல் வாயையும் மூக்கையும் மூடினால் போதும், கைலேஞ்சியும் மாஸ்க் என்ற கணக்கில் போனது.

சேர்ஜிக்கல் மாஸ்க் பெட்டி வாங்கினால் ஐம்பதில் ஒன்றைப் பலி கொடுங்கள். கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினால் மூன்று தாள் பிரிய வேண்டும். நடுத் தாள் வெள்ளை, மெல்லிசு, மிருதுவாகப் பஞ்சுத்தாள் மாதிரி இருக்கும். மெல்ட்புளோன் என்பது அது. வடிகட்டும் வேலை முழுவதும் அதில்தான்; வெளித் தாள் நீரைத் தள்ளவும் உள் தாள் ஈரத்தை உறிஞ்சவும் இருக்கின்றன. நடுத் தாளைப் பொடியாகக் கிழித்த கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோனால், நிலைமின் இருப்பதால் கடதாசித் துண்டு ஒட்டும். மாரியில் ஈரக்காற்று இருந்தால் இந்தச் சோதனை சரிவராது, வெயில் நாளில் செய்யுங்கள். இரண்டு தாள்தான் பிரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பெட்டி தூசிக்கும் உதவாது. வெளிப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்க வேண்டும், ஊறினால் கூடாது. பெட்டியில் தரக் குறியீடாக ஏஎஸ்ரிஎம் எஃப்2100 லெவல் 1, 2, 3 என்றோ, ஈஎன் 14683 ரைப் 2 அல்லது 2ஆர் என்றோ இருக்கும். லெவல் 1 என்றால் பக்டீரியா வடிகட்டல் 95 வீதம், லெவல் 2, 3 மற்றும் ரைப் 2 என்றால் 98. இந்த எண்கள் துணியினுடையவை, முகத்தில் போட்டபின் பக்கத்தால் ஒழுகுவது இதில் சேராது.

அந்த ஒழுக்கைக் குறைக்கக் காசு செலவில்லாத வழி உண்டு. மாஸ்க்கை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காதுப் பட்டியை மாஸ்க்கின் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு முடிச்சுப் போடுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. விரித்தால் முடிச்சுக்குப் பக்கத்தில் சின்ன வாய் பிளந்து நிற்கும், அந்தத் துணியை உள்ளே தள்ளி மடித்துவிடுங்கள். போட்டபின் கன்னத்துப் பொக்கு மறைந்துவிடும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல் இரண்டு கை விரலாலும் மூக்குத் தண்டிலிருந்து கன்னத்துக்கு அழுத்திக்கொண்டு போக வேண்டும். கண்ணாடி போடுகிறவருக்கு இலவச மீற்றர் ஒன்று இருக்கிறது: கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்தால் மேலே ஒழுகுகிறது. மடிப்பு வெளிப் பக்கம் கீழ்நோக்கித் திறக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தால் தூசி அதில் தங்கும்.

என்95 என்றால் பட்டி இரண்டும் தலைக்குப் பின்னால் போகும். காதில் மாட்டுவது என்95 இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். முகப்பில் அனுமதி கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான நியோஷின் பெயரும் ரிசி-84ஏ என்று தொடங்கும் அனுமதி எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். காதில் மாட்டும் சீனத்து கேஎன்95இல் ஜிபி2626 என்று இருக்கும். ஐரோப்பிய எஃப்எஃப்பி2இல் ஈஎன் 149உம் சிஈ அடையாளத்துக்குப் பக்கத்தில் நாலு இலக்கமும் இருக்கும். போட்டதும் இரண்டு கையாலும் மூடிப் பிடித்து வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணுக்கோ காதுக்கோ காற்று அடித்தால் பிடிக்கவில்லை. இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். முன்னால் பிளாஸ்டிக் வால்வு உள்ளது அரிசி ஆலைத் தூசிக்கு நல்லது, நோய் விஷயத்தில் கூடாது. இழுப்பது வடிகட்டி வரும், விடுவது வால்வால் அப்படியே வெளியே போகும். கிளினிக்கில் வால்வு மாஸ்க் போட்டு நிற்பவர் தன்னை மட்டும் காப்பாற்றுகிறார்.

தாடி. இதைப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். என்95 ஓரம் தோலில் பட வேண்டும். இடையில் மயிர் இருந்தால் பிடிக்காது, அது சுன்னத்தான தாடியானாலும் ஐயப்ப விரதத் தாடியானாலும். தாடியோடு என்95 போடுகிறவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட நல்ல சேர்ஜிக்கல் மாஸ்க்கின் பலன்தான். காசநோய் விடுதி மாதிரி இடங்களில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது முக்கியம், மற்றவர்கள் மூக்குக் கம்பி நன்றாக உள்ள சேர்ஜிக்கல் போட்டால் போதும். நிகாப் ஒற்றைத் துணி, கீழே திறந்தது. அது மாஸ்க் ஆகாது. மாஸ்க்கை உள்ளே போட்டு மேலே நிகாப் போடலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. ஹிஜாபுக்கு மேல் காதுப் பட்டி மாட்டினால் வழுக்கும். ஹிஜாபுக்கு உள்ளே மாட்டுங்கள், அல்லது இரண்டு பட்டியையும் பின்கழுத்தில் ஒரு கொளுக்கியால் இணையுங்கள். முகத்தைத் திறந்து அடையாளம் காட்ட வேண்டிய இடத்தில் பெண் உத்தியோகத்தர் ஒருவரை வைப்பது மாஸ்க் விதி எழுதும்போதே எழுத வேண்டிய வரி.

துணி மாஸ்க் தைப்பவர்களுக்கு: வளர்ந்தவருக்கு 25 சென்ரிமீற்றருக்கு 15 துண்டு, மூன்று. உள்ளே பருத்தி, நடுவில் கடைப் பை செய்யும் நொன்வோவன் பொலிபுரொப்பிலீன், வெளியே பொலியெஸ்ரர் கலந்த துணி. மருதமுனைக் கைத்தறியில் அழகான மாஸ்க் நிறைய வந்தது. சாரன் துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழைக்கு இழை வெளிச்சம் தெரியும். காற்றோட்டத்துக்காக நெய்த துணியிடம் காற்றை மறி என்று கேட்கக்கூடாது. வெளித் தாளாக வைத்தால் பரவாயில்லை, ஒற்றையாக வைத்தால் அலங்காரம். துணி மாஸ்க்கைத் தினமும் சவர்க்காரம் போட்டு 60 பாகை சுடுநீரில் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் பிறகு ஒரு நிமிஷம் கொதிக்க விட வேண்டும்.

சேர்ஜிக்கலையும் என்95ஐயும் கழுவவே கூடாது. கொடியில் காயும் நீல மாஸ்க் வரிசையை அந்த இரண்டு வருஷமும் எல்லா ஊரிலும் பார்க்கலாம். சவர்க்காரமும் அதைவிட மோசமாக ஸ்பிரிட்டும் அந்த நிலைமின்னைக் கொன்றுவிடும். கடை வாசலில் கையோடு மாஸ்க்குக்கும் சனிடைசர் அடித்த அண்ணைமார், போட்டிருந்ததை அந்த இடத்திலேயே வெறும் துணியாக்கினார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் பிரச்சினை. வசதியில்லாதவர் என்95ஐத் திரும்பப் பாவிக்க வேண்டுமென்றால் ஐந்து மாஸ்க்கை ஐந்து கடதாசிப் பையில் வைத்து, நாளுக்கொன்றாகப் போட்டு, ஆறாம் நாள் முதலாவதை எடுக்கலாம். பட்டி தளர்ந்தாலோ ஈரமானாலோ குப்பைக்கு. பொலித்தீன் பையில் வைத்தால் வியர்வை ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

வியர்வைதான் நம் பக்கத்துப் பெரிய எதிரி. மாஸ்க் ஈரமானால் மூச்சு இழுக்கக் கஷ்டம், கஷ்டமானால் ஆள் அதை நாடிக்கு இறக்குவார். சேர்ஜிக்கல் நாலு மணித்தியாலம் என்பது குளிரூட்டிய அறைக் கணக்கு. பங்குனி, சித்திரையில் சந்தையில் நின்றால் இரண்டு மணித்தியாலத்தில் நனைந்துவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக் கட்டாயம் போடுகிற நிருவாகம், பாதி நாளுக்குப் பின் நனைந்த துணியைத்தான் கட்டாயமாக்குகிறது.

மற்ற வழமையான பிழை, பேசும்போது இறக்குவது. சும்மா மூச்சு விடுவதைவிடப் பேச்சில் கூடுதலாகத் துளி வரும், சத்தமாகப் பேசினால் இன்னும் கூடுதலாக. பஸ்ஸில் பேசாமல் இருக்கும்வரை மாஸ்க் போட்டு, போன் வந்ததும் இறக்கிக் கத்துகிறவர் தேவையான நேரத்தில் கழற்றித் தேவையில்லாத நேரத்தில் போடுகிறார். அடுத்தது மூக்கு வெளியே. மூச்சு விடுவது மூக்கால் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

விலக்கு யாருக்கு? இரண்டு வயதுக்குக் கீழே போடவே கூடாது, மூச்சுத் திணறினாலும் குழந்தை சொல்லாது. ஐந்து வயதுவரை கட்டாயம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020இலேயே சொன்னன. ஆறு முதல் பதினொன்று வரை நிலைமையைப் பார்த்து, பன்னிரண்டிலிருந்து பெரியவர் மாதிரி. தானாகக் கழற்ற முடியாதவருக்கு, மயக்கத்தில் உள்ளவருக்கு, ஒட்சிசன் போகிறவருக்கு விலக்கு. காது கேளாதவரோடு பேசுகிறவர் தூரம் விட்டு இறக்கிப் பேசலாம்; உதட்டைப் பார்க்காமல் அவருக்குப் பேச்சே இல்லை. முட்டு (ஆஸ்துமா) உள்ள எல்லாருக்கும் விலக்கு வேண்டும் என்பது சரியில்லை. பம்ப் பாவித்துக் கட்டுப்பாட்டில் உள்ளவர் சேர்ஜிக்கல் மாஸ்க்கைத் தாராளமாகப் போடலாம். கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு மாஸ்க்குக்கு முன் கிளினிக்.

காசநோய் விஷயத்தில் யார் எதைப் போடுவது என்பதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டவர்கள் அதிகம். இருமுகிற நோயாளி போடுவது சேர்ஜிக்கல், பார்க்கிறவர் போடுவது என்95. நோயாளிக்கு என்95 கொடுத்தால் மூச்சுக்குக் கஷ்டம், லாபமும் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியென்றால், ஒழுங்காக மருந்து எடுத்து இரண்டு வாரம் போனபின் பெரும்பாலானவர் மற்றவருக்குத் தொற்ற வைக்கமாட்டார். வீட்டில் ஆறு மாதமும் மாஸ்க் போட வைத்து, தனிப் பாத்திரம் கொடுத்து, திண்ணையில் படுக்க வைப்பது தேவையில்லாத கொடுமை. மருந்தைத்தான் ஆறு மாதமும் விடாமல் எடுக்க வேண்டும்.

ஒரு கிளினிக்கோ முதியோர் இல்லமோ இன்றைக்கு விதி போடுவதானால், வாசல் அறிவித்தலில் "மாஸ்க் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை" என்று சிவப்பு எழுத்தில் எழுதுவதை விடுங்கள். அவசரமாக வருகிறவரை அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பும் ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார். இப்படி எழுதலாம்: "இருமல், தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் மேசையில் உள்ள மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு யன்னல் பக்கக் கதிரையில் இருங்கள். டயலிசிஸ் பகுதிக்குள் எல்லாரும் மாஸ்க் போட வேண்டும், ஊழியர் உட்பட. இந்த விதி இந்தத் திகதிவரை. அன்று மீளப் பார்க்கப்படும்." திகதி இல்லாத விதியை ஒருவரும் எடுக்கமாட்டார்கள், ஒருவரும் மதிக்கவும்மாட்டார்கள். பிறகு அந்த மேசைப் பெட்டி. கிளினிக் நாளில் காலை எட்டு மணிக்கே அது பாதியாகிவிடும். அதை நிரப்ப ஒருவரின் பெயரை வேலைப் பட்டியலில் எழுதுங்கள், பக்கத்தில் மிதித்துத் திறக்கும் மூடி வைத்த குப்பை வாளி ஒன்று வையுங்கள், விதியைக் கேட்கிறவர் முதலில் தன் மூக்குக் கம்பியைச் சரிசெய்துகொண்டு கேட்கட்டும்.